தாடை அறுவை சிகிச்சை தேவையா? செயல்பாட்டுத் தேவையை மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"சாப்பிடறதுல ஏதாவது கஷ்டம் இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இல்லை டாக்டர்" என்றுதான் பதில் வரும். மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று தொடவே தொடாத இருபது வயதுப் பெண்ணும் அப்படித்தான் சொல்வார். அது பொய்யில்லை. பல் முளைத்த நாளிலிருந்து அப்படியே சாப்பிட்டுப் பழகியவருக்கு, மற்றவர்கள் வேறு மாதிரி கடிக்கிறார்கள் என்பதே தெரியாது.

கேள்வியை மாற்றிப் பாருங்கள். "கொய்யாக்காயை எப்படிச் சாப்பிடுவீங்க?" "கத்தியால நறுக்கித்தான்." "நூடுல்ஸ்?" "நாக்கை மேல் பல்லில் வெச்சு அழுத்தி அறுப்பேன்." "கரும்பு?" சிரிப்புதான் பதில். செயல்பாட்டுத் தேவை என்பது இந்தப் பதில்களில்தான் தொடங்குகிறது. ஸ்கேல் அதற்கு அப்புறம்.

பல் சீரமைப்புத் துறையிலும் முக அறுவை சிகிச்சைத் துறையிலும் இருக்கும் முதுநிலை மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சிகிச்சைக்குப் போகிறவர்களும் படிக்கலாம். டாக்டர் ஏன் சம்பந்தமில்லாத மாதிரி கேள்வி கேட்கிறார் என்பது புரியும்.

எந்த அளவுகோல், ஏன்

தாடை அறுவை சிகிச்சையின் தேவையை வகைப்படுத்த இன்று பரவலாகப் பேசப்படுவது 'இன்டெக்ஸ் ஆஃப் ஆர்த்தோக்னாதிக் ஃபங்ஷனல் ட்ரீட்மென்ட் நீட்'. சுருக்கமாக ஐ.ஓ.எஃப்.டி.என். பிரிட்டனில் அயர்லாந்து, கன்னிங்ஹாம், ஹன்ட் உள்ளிட்ட குழுவினர் 2014-ல் வெளியிட்டது. அங்கே இந்த சிகிச்சைக்கு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவை மூலம் அரசுப் பணம் செலவாகிறது. அழகுக்காகச் செய்வதற்கும் செயல்பாட்டுக்காகச் செய்வதற்கும் நடுவே கோடு போட வேண்டிய கட்டாயம் அதனால் வந்தது.

அதற்கு முன்பே ப்ரூக், ஷா இருவரும் 1989-ல் கொண்டுவந்த ஐ.ஓ.டி.என். என்ற அளவுகோல் இருந்தது. ஆனால் அது கிளிப் போடும் சிகிச்சைக்கானது. எலும்புக்குள் புதைந்து முளைக்காமல் நிற்கும் கோரைப்பல்லுக்கு அதில் உச்சத் தரமான 5 கிடைக்கும். அதற்காக யாரும் தாடையை வெட்டி நகர்த்துவதில்லை. முகம் ஒரு பக்கம் கோணியிருப்பதற்கும், ஈறு அதிகம் தெரிவதற்கும் அதில் இடமே கிடையாது. தாடைப் பிரச்சினையைக் கிளிப் அளவுகோலால் அளந்தால் இப்படித்தான் ஆகும்.

புதிய அளவுகோலில் ஐந்து தரங்கள். 5 என்றால் மிகப் பெரிய தேவை, 1 என்றால் தேவையில்லை. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் குறையின் வகையைச் சொல்கிறது: .2 ஓவர்ஜெட் (மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட முன்னால் துருத்துவது), .3 ரிவர்ஸ் ஓவர்ஜெட் (கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னால் நிற்பது), .4 ஓப்பன் பைட் (கடித்தாலும் முன்பற்கள் சேராமல் இடைவெளி நிற்பது), .9 ஈறு தெரிவது, .10 கோணல். எல்லாத் தரத்திலும் அதே எண்தான். 4.1 ஏன் காணோம் என்று தேட வேண்டாம்; .1 என்பது உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு போன்ற பிறவிக் குறைகள், அவை நேராக 5-ல்தான் உட்காரும்.

முதல் படி: வளர்ச்சி நின்றதா?

கிளிப் மட்டும் போட்டுச் சரிசெய்ய முடியாத, தாடை எலும்பிலேயே கோளாறு உள்ளவர்களுக்குத்தான் இந்த அளவுகோல். வழக்கமாக முக வளர்ச்சி முடிந்தவர்களுக்கு, அதாவது பொதுவாக 18 வயதுக்கு மேல். கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும் பையன்களுக்கு 18-ஐ நம்பாதீர்கள். அதற்கப்புறமும் சிலருக்குக் கீழ்த்தாடை நகர்ந்துகொண்டிருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு இரண்டு லேட்டரல் செஃபலோகிராம் (பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரே) எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

வளர்ச்சி நிற்க வேண்டிய வயதில் நிற்காமல் இருந்தால் உஷாராகுங்கள். முப்பத்தைந்து வயதுக்காரர், "இப்பத்தான் ரெண்டு மூணு வருஷமா தாடை நீளுது, பல்லுக்கு நடுவுல சந்து விழுது" என்கிறாரா? மோதிரம் இறுகிப் போச்சா, செருப்பு சைஸ் கூடியிருக்கா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அளவுகோலை மூடி வைத்துவிட்டு, வளர்ச்சி ஹார்மோன் அதிகமா என்று காட்டும் ஐ.ஜி.எஃப்.-1 ரத்தப் பரிசோதனையோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்புங்கள். பிட்யூட்டரி கட்டியால் வரும் அக்ரோமெகலியாக இருக்கலாம். மோவாய் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், தாடை மூட்டுக் குமிழ் ஒன்று மட்டும் வளர்கிறதா என்று எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டும். முன்பு நன்றாகச் சேர்ந்திருந்த முன்பற்கள் புதிதாகத் திறந்துகொண்டே வந்தால், மூட்டுக் குமிழ் கரைகிறதா, மூட்டுவாதம் இருக்கிறதா என்று தேடுங்கள். இதைத் தவறவிட்டு அறுவை சிகிச்சை செய்தால், செய்த வேலை கண் முன்னே கலையும்.

இரண்டாம் படி: தனியாக உட்கார வைத்துப் பேசுதல்

நம் ஊரில் நோயாளியோடு அம்மா, அப்பா, சில சமயம் சித்தப்பாவும் வருவார்கள். கேள்வியை நோயாளியிடம் கேட்டால் பதிலை அம்மா சொல்வார். எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் நோயாளியிடம் மட்டும் பேசுங்கள். "பொண்ணு பாக்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும் டாக்டர்" என்பது பெற்றோரின் தேவை. அது அந்தப் பெண்ணின் தேவையும்தானா என்பது வேறு கேள்வி.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஆப்பிளும் சாண்ட்விச்சும் வெளிநாட்டு வினாத்தாளில் இருக்கட்டும். நம்மவரிடம் கொய்யா, முறுக்கு, பரோட்டா, எலும்போடு ஒட்டிய கறி, நூடுல்ஸ். முன்பற்கள் சேராதவருக்கு மெல்லியதும் நீளமானதும்தான் சிக்கல். கடித்து அறுக்க முடியாது, கடைவாயில் தள்ளித்தான் அறுப்பார். கீழ்த்தாடை நீண்டவருக்கு மெல்லவே நேரம் ஆகும். பந்தியில் பக்கத்தில் இருப்பவர் பாயசத்துக்குப் போனபோது இவர் இன்னும் சாம்பாரில் இருப்பார். ஹாஸ்டலில் தனியாகப் போய்ச் சாப்பிடுகிறாரா, பெரிய துண்டாக விழுங்கிவிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். வெட்கத்துக்காகத் தனியே சாப்பிடுவதையும் மெல்ல முடியாமல் தனியே சாப்பிடுவதையும் பிரித்து எழுதுங்கள்.

அடுத்தது தூக்கம். குறட்டை, இரவில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பது, பகலில் பைக் ஓட்டும்போதே கண் சொருகுவது. இதை நோயாளியைவிட வீட்டில் இருப்பவர்தான் சரியாகச் சொல்வார். இங்கே மட்டும் சித்தப்பாவைத் திரும்பக் கூப்பிடலாம். பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் கேள்வித்தாளில் 24-க்கு 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம் என்று கொள்வார்கள். சந்தேகம் இருந்தால் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைபடும் எண்ணிக்கை 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது.

பேச்சைப் பற்றியும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஸ' சீறுகிறதா? 'வ' சொல்லும்போது கீழுதடு மேற்பல்லைத் தேடிப் போகாமல், மேலுதடு கீழ்ப்பல்லைத் தொடுகிறதா? 'ப', 'ம' சொல்ல உதடுகள் சிரமப்பட்டுச் சேர்கின்றனவா? கவனித்து எழுதுங்கள். ஆனால் பேச்சுக் கோளாறு மட்டும் இருந்தால் அளவுகோலில் அது 1.12, அதாவது தேவையில்லாத தரம். பலருக்கு இது கோபமூட்டும். காரணம் இருக்கிறது: தாடையை நகர்த்தினால் பேச்சு சரியாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அண்ணப் பிளவு சரிசெய்யப்பட்டவருக்கு மேல்தாடையை முன்னால் கொண்டுவந்தால் மூக்கொலி அதிகமாகவும் வாய்ப்பு உண்டு.

தாடை மூட்டு வலிக்கும் அதே கதிதான்: அதற்காக மட்டும் என்றால் 1.13. ஆனாலும் வாய் எவ்வளவு திறக்கிறது என்று மி.மீ.-ல் எழுதுங்கள், மூட்டில் 'டக்' சத்தம் இருந்தால் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். அறுவை சிகிச்சைக்கு அப்புறம் "முன்னாடி இந்தச் சத்தம் இல்லவே இல்லை" என்று ஒருவர் சொல்லும் நாள் வரும்.

மனநிலை மதிப்பீடும் கூடவே நடக்க வேண்டும் என்று அளவுகோலை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குறையைப் பற்றி மணிக்கணக்கில் கவலைப்படுபவர், இதே மூக்குக்கும் மோவாய்க்கும் ஏற்கெனவே நாலு இடத்தில் பார்த்துவிட்டு வந்தவர், "இது முடிஞ்சா எல்லாம் சரியாகிடும்" என்பவர், இவர்களை மனநல மருத்துவரிடம் காட்டாமல் தேதி கொடுக்காதீர்கள். வாழ்க்கைத்தரத்தை எண்ணில் பதிய தாடை அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கென்றே ஓ.கியூ.எல்.கியூ. என்ற 22 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது. மொத்தம் 0 முதல் 88 வரை. கூடக் கூடப் பாதிப்பு அதிகம். அதில் வாய்ச் செயல்பாட்டுக்கான கேள்விகள் தனிப் பகுதியாக இருப்பதால், மொத்தத்தை மட்டும் பார்க்காமல் அந்தப் பகுதியைப் பிரித்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: அளப்பது

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இது. நாற்காலியில் சாய்த்துப் போட்டு அளக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். "ம்ம்ம்" என்று சொல்லவைத்து, உதட்டைத் தளர்த்தச் சொன்னால் ஓய்வு நிலை கிடைக்கும். கேமராவைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்பவர்கள் நிறைய. மோவாய்த் தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருங்கினால் இறுக்குகிறார் என்று அர்த்தம்.

ஈறு தெரிவதை அளப்பது இந்த ஓய்வு நிலையில்தான், சிரிக்கும்போது அல்ல. இதை இரண்டு தடவை படியுங்கள். சிரித்தால் 6 மி.மீ. ஈறு தெரியும் பெண்ணுக்கு ஓய்வில் 1 மி.மீ.தான் தெரியலாம். சிரிப்பைப் பார்த்து 4.9 போடுகிறோம், உண்மையில் அது 2.9, ஈறு பாதிக்கப்பட்டிருந்தால் 3.9. ஓய்விலேயே 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஈறு தெரிந்தால்தான் 4.9.

ஓவர்ஜெட் அளக்கும்போது ஸ்கேல் பற்கள் கடிக்கும் தளத்துக்கு இணையாக இருக்கட்டும். மேல் முன்பற்களில் அதிகம் துருத்தியிருப்பதன் முன்பக்கத்திலிருந்து கீழ் முன்பல்லின் முன்பக்கம் வரை. எந்தக் கடியில் அளக்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. நாக்கு நுனியைப் பின்னால் மடித்து அண்ணத்தில் வைக்கச் சொல்லி, மோவாயை மெல்லப் பிடித்து, மூட்டு தன் குழியில் சரியாக உட்கார்ந்த நிலையில் முதல் பல் தொடும் இடத்தைப் பாருங்கள். கீழ்த்தாடை சிறிதாக உள்ள சிலர் ஆண்டுக்கணக்கில் தாடையை முன்னால் தள்ளி வைத்தே பழகியிருப்பார்கள். அவர்கள் காட்டும் கடியில் ஓவர்ஜெட் 5, மூட்டு உட்கார்ந்த நிலையில் 10.

தலைகீழாகவும் நடக்கும். பழகிய கடியில் ரிவர்ஸ் ஓவர்ஜெட் 4 மி.மீ. இருக்கும் இளைஞர், பின்னால் கொண்டுபோனால் முன்பல் நுனியும் நுனியும் தொடும் அளவுக்கு வந்துவிடுவார். அந்த நுனி இடிப்பைத் தவிர்க்கத்தான் தாடையை முன்னால் சறுக்கவிடுகிறார். முதலாவதை எழுதினால் 5.3. இரண்டாவதை எழுதினால் 4.3 அல்லது 3.3, கிளிப்பாலேயே முடியக்கூடிய கேஸாகவும் இருக்கலாம். ஒரே வாய்தான்.

ஓப்பன் பைட்டுக்கு முன்பல் நுனிகளுக்கு நடுவே உள்ள செங்குத்து இடைவெளி. அதோடு கலர் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்லி, எத்தனை ஜோடிப் பற்கள் தொடுகின்றன என்று எண்ணுங்கள். கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் தொட்டு, அதன் மேடெல்லாம் தேய்ந்து தட்டையாகியிருந்தால், சிரமம் இல்லை என்று நோயாளி சொன்னாலும் பல் வேறு கதை சொல்கிறது.

கீழ் முன்பற்கள் மேல் ஈறைக் குத்துகிறதா என்று கண்ணாடியை வைத்து அண்ணத்தில் பல் தடம் தேடுங்கள். கீழ் முன்பற்களின் வெளி ஈறு மேற்பல் உரசித் தேய்ந்து இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தடமோ தேய்வோ இருந்தால் 4.8, இல்லையென்றால் அதே ஆழக் கடி (மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை அதிகமாக மூடுவது) 2.8. கோணலுக்கு, கோரைப்பற்களுக்குக் குறுக்கே ஒரு மரக் குச்சியைக் கடிக்கவைத்து, கண்மணிகளை இணைக்கும் கோட்டோடு ஒப்பிடுங்கள். பின்னாலிருந்தும் மேலிருந்தும் மோவாயைப் பாருங்கள். முகத்துக்கு நேரே நின்றால் கண் ஏமாறும்.

இதெல்லாம் கிளிப் போடுவதற்கு முன்பே பதிவாக வேண்டும். கீழ்த்தாடை நீண்டவருக்கு இயற்கையே கீழ்ப்பற்களை உள்ளே சாய்த்து, மேற்பற்களை வெளியே சாய்த்து, எலும்பின் வித்தியாசத்தை மறைத்து வைத்திருக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் கிளிப்பால் பற்களை நேராக்கினால் ரிவர்ஸ் ஓவர்ஜெட் கூடும். அந்தக் கூடிய எண்ணை வைத்துத் தரம் போடுவது நேர்மையில்லை.

நான்காம் படி: கிளிப்பால் முடியாதா?

இதற்கு ஒரே விடையுள்ள சூத்திரம் கிடையாது. கீழ்த்தாடை நீண்ட கேஸ்களுக்கு கெர், மில்லர், டாபர் 1992-ல் கொடுத்த எல்லை பழையதானாலும் பயனுள்ளது: செஃபலோகிராமில் ஏ.என்.பி. கோணம் (மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள முன்பின் வித்தியாசத்தைக் காட்டுவது) மைனஸ் 4 பாகையைத் தாண்டினாலோ, கீழ் முன்பற்கள் 83 பாகைக்கும் கீழே உள்ளே சாய்ந்திருந்தாலோ, கிளிப்பால் மட்டும் மறைப்பது கடினம். பல் ஏற்கெனவே சாய வேண்டிய அளவு சாய்ந்துவிட்டது, இன்னும் எங்கே சாய்ப்பது? இதை எல்லையாக வையுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

ஐந்தாம் படி: தரம் போடுவது

தரம் 5-ல் வருபவை: (அளவுகள் மி.மீ.-ல்) பிறவி முகக் குறைகள் 5.1, ஓவர்ஜெட் 9-க்கு மேல் 5.2, ரிவர்ஸ் ஓவர்ஜெட் 3 அல்லது மேல் 5.3, ஓப்பன் பைட் 4 அல்லது மேல் 5.4; ஒரு பக்கக் கடைவாய் முழுக்க மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே விழுந்து, செயல்பாட்டுக் கோளாறும் பல் காயமும் தெரியும் சிசர் பைட் 5.5, மற்ற சிகிச்சைக்கு அடங்காத தூக்க மூச்சுத்திணறல் 5.6, விபத்தாலோ நோயாலோ எலும்பு மாறிக் கடி கெட்டது 5.7.

தரம் 4-ல்: ஓவர்ஜெட் 6 முதல் 9 வரை 4.2, 3-க்குக் குறைந்த ரிவர்ஸ் ஓவர்ஜெட், செயல்பாட்டுச் சிரமத்தோடு 4.3, 4-க்குக் குறைந்த ஓப்பன் பைட், சிரமத்தோடு 4.4, கடியைக் கெடுத்த முகக் கோணல் 4.10, மேலே சொன்ன 4.8, 4.9. சிரமம் இல்லையென்றால் 3.3, 3.4, கோணல் கடியைக் கெடுக்கவில்லையென்றால் 3.10. கடித்தளம் நன்றாகச் சரிந்திருந்தும் கடி கெடவில்லை என்றால் 2.11. எதிலும் சேராதது 1.14. பல குறைகள் இருந்தால் உயர்ந்த தரத்தை எழுதினால் போதும்.

ஆக 4.3-க்கும் 3.3-க்கும், 4.4-க்கும் 3.4-க்கும் நடுவே இருப்பது 'செயல்பாட்டுச் சிரமம்' என்ற இரண்டே வார்த்தை. மீதியில் பெரும்பாலானதை ஸ்கேல் முடிவுசெய்யும். இதை மட்டும் நீங்கள் முடிவுசெய்கிறீர்கள். கொய்யாக்காய்க் கேள்வியில் ஏன் இவ்வளவு நேரம் நின்றேன் என்பது இப்போது தெரிந்திருக்கும். அவர் சொன்னது, நீங்கள் கண்டது இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அடுத்த டாக்டரும் அதே தரத்துக்கு வருவார். இரண்டு நிறச் சூயிங்கத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கை மெல்லவைத்து, நிறம் எவ்வளவு கலந்தது என்று பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. செலவு சில ரூபாய்தான், நோயாளிகளும் விரும்பிச் செய்வார்கள்.

5.6 போடும் முன் நில்லுங்கள். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் கருவியையும் தாடையை முன்னால் தள்ளும் வாய்க் கருவியையும் முயன்று, அவை பலிக்காதபோதுதான் அந்தத் தரம். "மாஸ்க் பிடிக்கலை" என்று இரண்டாம் நாளே கழற்றி வைத்தவர் முயன்றவர் ஆக மாட்டார். கருவியின் பதிவில் இரவுக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 4 மணி நேரத்தை ஒட்டியாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு.

ஆறாம் படி: எழுதி வைப்பது

இந்திய மருத்துவக் காப்பீட்டில் தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்ற விலக்கு வழக்கமாக இருக்கும். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், உடல்நலத்துக்கான நேரடி ஆபத்தை நீக்கும் மருத்துவத் தேவையும் அதற்கு விதிவிலக்கு. சிகிச்சை தரும் மருத்துவர் அதைச் சான்றளிக்க வேண்டும். "முக அமைப்பு மேம்பட அறுவை சிகிச்சை" என்று ஒரு வரி எழுதினால் கோப்பு அங்கேயே மூடப்படும். ஐ.ஓ.எஃப்.டி.என். தரத்தைக் காட்டினால் பணம் வந்துவிடும் என்றும் சொல்ல வரவில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி, இப்படி எழுதலாம்:

"22 வயது ஆண். 12 மாத இடைவெளியில் எடுத்த இரு செஃபலோகிராம்களில் வளர்ச்சி மாற்றம் இல்லை. மூட்டு உட்கார்ந்த நிலையில் ரிவர்ஸ் ஓவர்ஜெட் 2 மி.மீ., ஓப்பன் பைட் 3 மி.மீ. இரு பக்கமும் இரண்டாம் கடைவாய்ப்பல் மட்டும் தொடுகிறது, தேய்ந்துள்ளது. முன்பல்லால் எதையும் கடித்து அறுக்க முடிவதில்லை. பழம், இறைச்சியை நறுக்கியே உண்கிறார். மூட்டு வலி இல்லை, வாய் திறப்பு 46 மி.மீ. கிளிப்பால் மட்டும் சரிசெய்ய இயலாது, ஏ.என்.பி. மைனஸ் 5. தரம் 4.3, 4.4. மனநிலை மதிப்பீடு முடிந்தது."

தரம் வந்துவிட்டால் சிகிச்சை வேண்டும் என்று ஆகிவிடாது. கிளிப்போடு சேர்த்து இரண்டு மூன்று வருட வேலை இது. கீழ்த்தாடையை வெட்டி நகர்த்தினால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது சகஜம், சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கிவிடும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் நறுக்கியே சாப்பிட்டுக்கறேன் டாக்டர்" என்று தரம் 5 உள்ளவர் எழுந்து போனால், அதையும் அவர் வார்த்தையிலேயே எழுதி, போட்டோவையும் மாடலையும் பத்திரப்படுத்தி, தேயும் பற்களைப் பார்க்க ஒரு வருடம் கழித்து வரச் சொல்லி அனுப்புங்கள்.